புரதத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பது: ஆர்.என்.ஏ. குறுக்கீடா, கிரிஸ்பரா, டெக்ரானா?

ஒரு புரதம் செல்லுக்குள் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா? அதை எடுத்துவிட்டு, எது கெடுகிறது என்று பாருங்கள். செல் உயிரியலில் இது மிகப் பழைய உத்தி, இன்றும் தினசரி உத்தி. ஆனால் ‘எடுப்பது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இப்போது மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. மரபணுவையே வெட்டிக் கெடுக்கலாம் (கிரிஸ்பர்). மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கலாம் (ஆர்.என்.ஏ. குறுக்கீடு). இரண்டையும் தொடாமல், ஏற்கெனவே உருவாகிவிட்ட புரதத்தையே பிடித்துச் சிதைத்துவிடலாம் (டெக்ரான்).

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் எது நல்லது என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருக்காமல், அந்தக் கூடத்தில் எது பழக்கத்தில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் நான் கேட்ட கேள்விக்கும் நான் பிடித்த கருவிக்கும் சம்பந்தமே இல்லை என்று புரிந்தது. அந்த வருடத்தை வேறு யாரும் இழக்க வேண்டாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. புரதம் மறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒன்று. அது போனதை உணர்ந்து செல் தன்னை மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பது இன்னொன்று. முதல் கடிகாரம் இரண்டாவதைவிட மெதுவாக ஓடினால், நீங்கள் பார்ப்பது புரதம் இல்லாத செல்லை மட்டுமல்ல, அதற்குப் பழகிப்போன செல்லையும் சேர்த்துத்தான்.

தூதை அழிப்பது

1998-ல் ஆண்ட்ரூ ஃபையரும் கிரெய்க் மெல்லோவும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் அதற்குப் பொருத்தமான மரபணு அடங்கிப்போகிறது என்று காட்டினார்கள். 2006-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித செல்லில் இதே வேலையைச் செய்வது முதலில் முடியவில்லை. நீளமான இரட்டை இழையைக் கண்டதும் பாலூட்டிகளின் செல் வைரஸ் வந்துவிட்டதாக எண்ணி இன்டர்ஃபெரான் எச்சரிக்கையைக் கிளப்பிவிடும். 2001-ல் தாமஸ் டுஷ்லின் குழு 21 எழுத்துகள் கொண்ட குட்டி இழைகளைக் கொடுத்தபோது அந்த எச்சரிக்கை எழவில்லை, மரபணு மட்டும் அடங்கியது. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இந்தக் குட்டி இழைகளைத்தான். அதில் ஒரு இழையை ஆர்கோனாட் என்ற புரதம் கையில் வைத்துக்கொண்டு, பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப்பிடித்து நறுக்குகிறது.

இதன் பலம் சுலபம். திங்கட்கிழமை செல்லுக்குள் செலுத்தினால் வியாழக்கிழமை பார்த்துவிடலாம். மரபணுத்தொகுதியில் கை வைக்க வேண்டியதில்லை, குளோன், அதாவது ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டம், வளர்க்க வேண்டியதில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த, ஒரு வாரத்துக்கு மேல் வளர்ப்புத் தட்டில் தாங்காத செல்களிலும் செய்யலாம்.

சிக்கல் முதல் கடிகாரத்தில் இருக்கிறது. தூதை அழித்தால் புதிய புரதம் வருவது குறையும், சரி. ஆனால் நேற்று உருவான புரதம் அங்கேயேதான் இருக்கும். 2011-ல் மத்தியாஸ் செல்பாக்கின் குழு எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ஆயிரக்கணக்கான புரதங்களின் ஆயுளை அளந்தது. புரதங்களின் இடைநிலை அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் நேரம், 46 மணி. தூது ஆர்.என்.ஏ.வுக்கு வெறும் 9 மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தூது அடியோடு நின்றுபோனது என்றே வைத்துக்கொள்வோம். 24 மணிக்கு ஒருமுறை பிரியும் செல்லில், சிதைவும் பங்கு பிரிவதும் சேர்ந்து 72 மணியில் சுமார் 4 சதவீதம் புரதம்தான் மிஞ்சும். நரம்பு செல் போலப் பிரியாத செல்லில் அதே 72 மணியில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கும். நடைமுறையில் தூது அடியோடு நிற்பதும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு தப்பினாலும், புரதம் அதற்குக் கீழே எத்தனை நாள் ஆனாலும் இறங்காது.

புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இதை நேரில் பார்க்கலாம். செல்களைச் சுரண்டி எடுத்து, உடைத்து, ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்து, கடைசியில் படம் எடுக்கிறீர்கள். கட்டுப்பாட்டு வரிசையில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. பக்கத்து வரிசையில் ஒன்றுமில்லை. மனசுக்கு நிறைவாக இருக்கும். படமெடுக்கும் நேரத்தை 10 விநாடியிலிருந்து 2 நிமிடமாக்கிப் பாருங்கள். காலியாக இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கோடு எழும்பி வரும். ஒரு நொதிக்கு அந்தப் புகை அளவே போதுமானதாக இருக்கலாம். ‘இந்தப் புரதம் இல்லாமலும் செல் நன்றாக இருக்கிறது’ என்ற முடிவுகள் எத்தனையோ இந்தப் புகைக்கோட்டின் மேல் நின்றிருக்கின்றன. நானும் ஒருமுறை அப்படி எழுதி, பிறகு திருத்த வேண்டி வந்தது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் மட்டும் பொருந்தினாலே, நாம் நினைக்காத தூதுகளையும் அது அடக்கிவிடும். ஏழே எழுத்து என்பதால் அப்படிப் பொருந்தும் தூதுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். செல் சாகிறது. நாம் குறிவைத்த மரபணுவால் சாகிறதா, குறிவைக்காத ஒன்றால் சாகிறதா?

மெல்க் கதை

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெல்க் என்ற கைனேஸைவிட (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பல புற்றுநோய்களில் மெல்க் அளவுக்கு மீறிக் காணப்படும். ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் அதைக் குறைத்தபோது புற்றுநோய் செல்கள் வளரவில்லை. சரி, மெல்க் இல்லாமல் புற்றுநோயால் வாழ முடியாது என்று எழுதினார்கள். அதைத் தடுக்கும் ஓ.டி.எஸ்.167 என்ற மருந்து உருவாகி, மனிதர்களிடம் சோதனைக்கே போய்விட்டது.

2017-ல் ஜேசன் ஷெல்ட்ஸரின் குழு கிரிஸ்பரால் மெல்க் மரபணுவைக் கெடுத்துப் பார்த்தது. செல்கள் எப்போதும்போல வளர்ந்தன. அந்த மருந்தை மெல்க் இல்லாத செல்களுக்கே கொடுத்தார்கள், அவையும் இறந்தன. இலக்கே இல்லாத செல்லைக் கொல்கிறது என்றால் மருந்து வேறு எதையோதான் தாக்குகிறது. 2019-ல் இதே குழு, ஆறு வெவ்வேறு புரதங்களைக் குறிவைப்பதாகச் சொல்லப்பட்ட பத்து மருந்துகளிலும் இதையே கண்டது. அதில் ஓ.டி.எஸ்.964 என்ற மருந்தின் உண்மையான இலக்கு சி.டி.கே.11 என்ற வேறொரு கைனேஸ் என்றும் கண்டுபிடித்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் நமக்கு இன்னும் பயனுள்ளது, அதே 2017-ல் வந்த மற்றொரு ஆய்வு. மெல்க் என்ற ஒரே புரதத்தின் மேல் அவர்கள் ஐந்து வழிகளை முயன்றார்கள்: இலக்குக்கு இன்னும் துல்லியமாகப் பொருந்தும் ஒரு தடுப்பு மருந்து, கிரிஸ்பர் நாக்அவுட் (மரபணுவை வெட்டி முடக்குவது), வேதிப்பொருளால் புரதத்தைச் சிதைப்பது, ஆர்.என்.ஏ. குறுக்கீடு, வெட்டாமல் அடக்கும் கிரிஸ்பர். வழக்கமான வளர்ப்புச் சூழலில் மெல்க்கைத் தடுத்தாலும் நீக்கினாலும் திடீரென்று சிதைத்தாலும் மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சி பெரிதாகக் குறையவில்லை. முன்பு கிடைத்த முடிவுக்குக் காரணம் பழைய மருந்தின் துல்லியமின்மையும், குறுக்கீட்டு இழைகள் இலக்கு தவறியதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு புரதத்தை நம்பி ஒரு மருந்து நோயாளியின் உடம்புக்குள் போகப்போகிறது என்றால், அந்தப் புரதத்துக்கு இந்த ஐந்தும் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே படுக்கையில் இருப்பவருக்குக் காத்திருக்க அதிக நாள் கிடையாது.

அதற்காக ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுச் சோதனையை ஒழுங்காக வைத்தால் அது நேர்மையாகவே பேசும். நான் மிகவும் நம்புவது, எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வின் 9, 10, 11-ஆம் எழுத்துகளை மட்டும் மாற்றிச் செய்துகொள்ளும் கட்டுப்பாடு. முன்பகுதி அப்படியே இருப்பதால் இலக்கு தவறும் குணம் அப்படியே இருக்கும், நடுப்பகுதி பொருந்தாததால் உண்மையான இலக்கை அது நறுக்காது. இந்த மாற்று இழையாலும் செல் சாகிறது என்றால் உங்கள் கண்டுபிடிப்பு அன்றோடு முடிந்தது. சோதனைக்கு ஆகும் செலவோ இன்னொரு இழையின் செலவு மட்டும்தான்.

மரபணுவை வெட்டுவது

கிரிஸ்பரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 20 எழுத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் காஸ்9 நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டும். செல் அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் விட்டுப்போகும், அல்லது கூடிவிடும். 2012-ல் ஜெனிஃபர் டௌட்னாவும் எமானுவேல் ஷார்பென்டியேவும் சோதனைக் குழாயில் காட்டினார்கள். 2013 தொடக்கத்தில் ஃபெங் ஷாங், ஜார்ஜ் சர்ச் ஆகியோரின் குழுக்கள் மனித செல்லில் செய்தன. டௌட்னா, ஷார்பென்டியே இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முழு மரபணுத்தொகுதியையும் ஒரே சோதனையில் அலச வேண்டுமானால் இன்றைக்கு இதற்கு இணை இல்லை. மனித செல்லில் ஏறக்குறைய 2,000 மரபணுக்கள் இல்லாவிட்டால் செல்லால் பெருக முடியாது என்று 2015-ல் வெவ்வேறு குழுக்கள் காட்டியதில் கிரிஸ்பர் அலசலுக்குப் பெரிய பங்கு உண்டு. இலக்கு தவறுவதும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டைவிட வெகுவாகக் குறைவு.

ஆனால் ‘நாக்அவுட்’ என்ற சொல் நமக்கு ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது. எழுத்துகள் மூன்றின் மடங்கில் போனால் புரதம் ஒன்றிரண்டு அமினோ அமிலம் குறைந்து வேலையைத் தொடரும். தோராயமாக மூன்றில் ஒரு வெட்டு அப்படி முடியலாம். ஹீலா போன்ற புற்றுநோய் செல்வரிசையில் பல குரோமோசோம்கள் மும்மூன்று பிரதிகளாக இருக்கின்றன. மூன்று பிரதியும் வெட்டுப்பட்டு, மூன்றும் கெட்டிருக்க வேண்டுமானால் வாய்ப்பு 27-ல் 8, அதாவது 30 சதவீதம்தான். அப்புறம், வரிசை கெட்டுவிட்டது என்று உறுதியான பிறகும் செல் வெட்டுப்பட்ட பகுதியைத் தாண்டிப் படித்தோ, வேறு இடத்தில் தொடங்கியோ ஒரு குட்டைப் புரதத்தைச் செய்துகொள்ளும். 2019-ல் வந்த ஓர் ஆய்வு, மரபணு அளவில் சரிபார்க்கப்பட்ட நாக்அவுட்களை எடுத்துப் பார்த்தபோது, அளவிட முடிந்த புரதங்களில் சுமார் மூன்றில் ஒன்று ஏதோ ஓர் அளவில் இன்னும் மிஞ்சியிருந்தது. டி.என்.ஏ. வரிசையைப் பார்த்து மட்டும் ‘புரதம் போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள்.

வெட்டுவதே செல்லுக்கு ஒரு காயம் என்பதும் மறக்கக் கூடாதது. டி.என்.ஏ. காயத்தைக் கண்டால் செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதம் ஒழுங்காக இயங்கும் செல்லில் அந்த வெட்டு பிரிதலை நிறுத்திவிடுகிறது என்று 2018-ல் இரண்டு குழுக்கள் காட்டின. அப்படியானால் தேறி வளரும் குளோன்களில் பி53 பழுதானவை கூடுதலாக இருக்கக்கூடும். குருத்துசெல்லில் வேலை செய்பவர்கள் இதை ஒவ்வொரு குளோனிலும் பார்த்தாக வேண்டும்.

இவை எல்லாம் கவனமாக இருந்தால் சமாளிக்கக்கூடியவை. இரண்டாவது கடிகாரத்தைத்தான் கவனத்தால் சமாளிக்க முடியாது. நாக்அவுட் குளோன் ஒன்றை உருவாக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஒற்றைச் செல்லிலிருந்து தட்டு நிறையும் வரை அது பிரிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் வாழக் கற்றுக்கொண்ட செல்கள் மட்டும்தான் உங்கள் கைக்கு வருகின்றன.

செல் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது கடந்த பத்தாண்டில் வந்த மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று நினைக்கிறேன். வரிக்குதிரை மீனில் ஈ.ஜி.எஃப்.எல்.7 என்ற மரபணுவை மார்ஃபோலினோ என்ற செயற்கை இழையால் அடக்கினால் ரத்தக்குழாய்கள் கடுமையாகக் கெடும். அதே மரபணுவை வெட்டிய மீனோ சாதாரணமாக நீந்துகிறது. மார்ஃபோலினோ இலக்கு தவறுகிறது என்றுதான் பலரும் எண்ணினார்கள். 2015-ல் டிடியே ஸ்டெய்னியரின் குழு, ஏற்கெனவே மரபணு கெட்ட மீனுக்குள் அதே மார்ஃபோலினோவைச் செலுத்தியது. இலக்கு தவறுவதுதான் காரணம் என்றால் அந்த மீனும் கெட வேண்டும். மிகக் குறைவாகத்தான் கெட்டது. வெட்டுப்பட்ட மீனில் எமிலின் குடும்ப மரபணுக்கள் கூடுதலாக இயங்கி இடத்தை நிரப்பியிருந்தன.

2019-ல் ஸ்டெய்னியரின் குழுவும் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் காரணத்தைக் கண்டுபிடித்தன. செல் இதைப் புரதத்தின் இழப்பைக் கொண்டு அறிவதில்லை. பிழையான தூது ஆர்.என்.ஏ.வைச் செல் அழிக்கும்போது, அந்த அழிவே அதைப் போன்ற வரிசை கொண்ட உறவு மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. தூதே உருவாகாதபடி மரபணுவின் தொடக்கப் பகுதியை நீக்கிவிட்டால் இந்த ஈடுகட்டல் நடப்பதில்லை. இதிலிருந்து நேரடியாக ஒரு நடைமுறை முடிவு வருகிறது. நாக்அவுட் செய்தே ஆக வேண்டும், உங்கள் மரபணுவுக்கு உறவு மரபணுக்களும் உண்டு என்றால், நடுவில் ஒரு வெட்டுப் போடுவதைவிட இரண்டு வழிகாட்டிகளை வைத்துத் தொடக்கப் பகுதியையே எடுத்துவிடுங்கள். வேலை கொஞ்சம் கூடும்தான்.

வெட்டாத காஸ்9-ஐ மரபணுவின் வாசலில் உட்காரவைத்துப் படியெடுப்பதை அடக்கும் முறை ஒன்றும் 2013-லிருந்து இருக்கிறது. காயம் இல்லை, பிழையான தூதும் இல்லை. நல்ல முறை. ஆனால் பழைய புரதம் தானாகத் தேய்ந்து போகும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டின் நிலைமைதான் இதற்கும்.

புரதத்தையே பிடிப்பது

செல்லுக்குள் குப்பை அகற்றும் ஏற்பாடு ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அழிக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தைச் செல் ஒட்டுகிறது, அந்த அடையாளத்தைக் கண்டதும் புரோட்டியசோம் அதை விழுங்கித் துண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த சிகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. நாம் சொல்லும் நேரத்தில், நாம் சொல்லும் புரதத்தின் மேல் அந்த அடையாளத்தை ஒட்ட வைப்பதுதான் டெக்ரான் உத்தி.

மசாட்டோ கனெமாகியின் குழு 2009-ல் வெளியிட்ட முறை இதைச் செடியிடமிருந்து கடன் வாங்கியது. ஆக்சின் செடியின் வளர்ச்சி ஹார்மோன். அது டிர்1 என்ற புரதத்துக்கும் இலக்குக்கும் நடுவில் பசை மாதிரி உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, டிர்1 இருக்கும் கூட்டமைப்பு இலக்கின் மேல் யுபிக்விட்டினை ஒட்டிவிடுகிறது. விலங்கு செல்லில் டிர்1 இல்லை. ஆனால் அது வந்து பொருந்தும் மற்ற உறுப்புகள் எல்லாம் உண்டு. நெல்லின் டிர்1-ஐ மனித செல்லுக்குள் வைத்து, நமக்கு வேண்டிய புரதத்தின் வாலில் ஆக்சின் அடையாளத் துண்டைக் கோத்துவிட்டால் போதும். 37 டிகிரியில் வேலை செய்யும் டிர்1 வேண்டியிருந்ததால் நெல்லினுடையது கைகொடுத்தது. வளர்ப்புத் திரவத்தில் ஆக்சினைச் சேர்த்ததும், பல புரதங்கள் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போகின்றன. நாள் கணக்கு இங்கே நிமிடக் கணக்காகிவிடுகிறது.

இந்த வேகம் எதற்குப் பயன்படும் என்பதற்கு கோஹீசின் நல்ல உதாரணம். டி.என்.ஏ.வைச் சுற்றி வளையமாக மாட்டிக்கொள்ளும் இந்தப் புரதக் கூட்டுக்கு இரண்டு வேலை இருப்பதாக நினைத்தார்கள். செல் பிரியும்போது ஜோடிக் குரோமாட்டிட்களை, அதாவது ஒரே குரோமோசோமின் இரண்டு பிரதிகளை, சேர்த்துப் பிடிப்பது ஒன்று. பிரியாத நேரத்தில் டி.என்.ஏ.வைச் சுருக்குச் சுருக்காக மடித்து வைப்பது மற்றொன்று. முதல் வேலை தடைப்பட்டால் செல் செத்துவிடும். அப்புறம் இரண்டாவது வேலையை எப்படிப் பார்ப்பது? நாக்அவுட் சாத்தியமே இல்லை. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. கொடுத்து மூன்று நாள் காத்திருந்தால், அதற்குள் செல்கள் பிரியும் கட்டத்துக்குப் போய்க் குழம்பிவிடும். நீங்கள் காணும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் குழப்பமும் காரணமாக இருக்கலாம்.

2017-ல் எரெஸ் லீபர்மன் ஏடனின் குழு, எச்.சி.டி.-116 என்ற குடல் புற்றுநோய் செல்வரிசையில் கோஹீசினின் ராட்21 உறுப்பில் இந்த ஆக்சின் வாலை வைத்துப் பார்த்தது. ஆக்சின் கொடுத்து 6 மணி நேரத்தில் கோஹீசினால் உண்டாகும் சுருக்குகள் அத்தனையும் மறைந்தன. ஆக்சினைக் கழுவி எடுத்ததும் கோஹீசின் திரும்பி வந்தது, சுருக்குகளும் சிறிது நேரத்தில் திரும்ப எழுந்தன. இத்தனை நடந்தும் பெரும்பாலான மரபணுக்கள் படியெடுக்கப்படும் அளவு அந்த 6 மணி நேரத்தில் பெரிதாக மாறவில்லை. சுருக்குகள் போனால் மரபணு ஒழுங்கே குலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. எடுத்துவிட்டு, திரும்பக் கொடுத்துவிட்டு, மறுபடி பார்ப்பது என்ற இந்த விஷயம் நாக்அவுட்டில் எளிதில் கிடைக்காது. எனக்கு டெக்ரானில் பிடித்ததே இந்தத் திரும்பி வரும் பாதைதான்.

ஆனால் கைவேலை அதிகம். புரதத்தின் வாலில் துண்டைக் கோக்க மறுபடி கிரிஸ்பர்தான் வேண்டும், அதுவும் எல்லாப் பிரதிகளிலும் சரியாக ஏற வேண்டும். ஒரு பிரதி வாலில்லாமல் தப்பினாலும் சோதனை வீண். வால் வைத்ததாலேயே சில புரதங்கள் வேலையை இழக்கும். பழைய ஆக்சின் முறையில் இன்னொரு தொல்லை: ஆக்சின் கொடுக்காதபோதே புரதம் கசிந்து சிதையும். எனக்கு முதலில் கிடைத்த குளோனில் ஆக்சினைத் தொடுவதற்கு முன்பே புரதத்தின் அளவு பாதியாகியிருந்தது. தாய் செல்வரிசையைப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்காததால் அது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. 2020-ல் வந்த இரண்டாம் தலைமுறை முறை, டிர்1-ல் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, அதற்குப் பொருந்தும் வேறு ஆக்சின் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. கசிவு வெகுவாகக் குறைந்தது, தேவைப்படும் மருந்தின் அளவும் சுமார் 670 மடங்கு குறைந்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர் பழைய முறைக்குப் போக ஒரு காரணமும் இல்லை.

செல்லுக்குள் டிர்1 வைக்க விருப்பமில்லை என்றால் 2018-ல் வந்த டிடேக் என்ற இன்னொரு வால் முறை இருக்கிறது. அது மனித செல்லில் ஏற்கெனவே இருக்கும் செரிபிளான் என்ற புரதத்தையே வேலைக்கு அழைக்கிறது. தாலிடோமைடு மருந்து உடலுக்குள் பிடித்துக்கொள்ளும் அதே புரதம்தான் அது. கரு வளர்ச்சியைக் குலைத்து அத்தனை குடும்பங்களைத் துயரத்தில் ஆழ்த்திய மருந்தின் இலக்கு, இன்று ஆய்வுக்கூடத்தில் இப்படியொரு கருவியாகியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கும். அந்த வகை மருந்துகளுக்கு வேறு சில புரதங்களையும் சிதைக்கும் குணம் உண்டு என்பதால், வாலில்லாத செல்லுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மரபணுவைத் தொடவே முடியாத இடங்களுக்கு, உதாரணமாக முட்டை செல்லுக்கு, 2017-ல் மெலினா ஷூவின் குழு காட்டிய டிரிம்-அவே உண்டு. புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உள்ளே செலுத்தினால், டிரிம்21 என்ற புரதம் அந்த ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் சிதைக்க வைக்கும். சேமித்து வைத்த புரதத்தை நம்பி வாழும் முட்டை செல்லில் தூதை அழித்து எந்தப் பயனும் இல்லை என்பதால் இது அங்கே பெரிய கொடை. நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் சரி.

அப்படியானால் எதை எடுப்பது?

உங்களிடம் முந்நூறு சந்தேக மரபணுக்கள் இருந்தால் டெக்ரானைப் பற்றி யோசிக்காதீர்கள். கிரிஸ்பர் அலசல் செய்யுங்கள், வெட்டு வேண்டாம் என்றால் வெட்டாத காஸ்9. அதில் தேறும் நான்கைந்தை மட்டும் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

நோயாளியின் செல் ஒரு வாரம்தான் தாங்கும் என்றால் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ., கூடவே மேலே சொன்ன 9-10-11 கட்டுப்பாடு.

பிறவியிலேயே ஒரு மரபணு இல்லாமல் வரும் நோய்தான் உங்கள் கேள்வி என்றால், நாக்அவுட்தான் சரி. அங்கே செல் ஈடுகட்டிக்கொள்வதும் நோயாளியின் உடம்பில் நடப்பதுதான், அதை மறைக்கக் கூடாது. மாறாக, நாளைக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது கேள்வியென்றால், அந்த நோயாளியின் செல்கள் நேற்று வரை அந்தப் புரதத்தோடு வாழ்ந்தவை. திடீர் இழப்பைக் காட்டும் டெக்ரான்தான் அந்த நிலைமைக்கு நெருக்கமானது. ஒரே ஒரு எச்சரிக்கை: நொதியைத் தடுக்கும் மருந்து அதன் வேலையை மட்டும் நிறுத்தும், நொதியின் உடலை அங்கேயே விட்டுவைக்கும். டெக்ரான் உடலையும் சேர்த்து அகற்றிவிடும். மற்ற புரதங்களைத் தாங்கி நிற்கும் தூணாகவும் அந்த நொதி இருந்தால் இரண்டு முடிவுகளும் வேறாகும்.

ஒரே புரதத்தோடு மூன்று வருடம் இருக்கப்போகிறேன் என்கிறவருக்கு என் பரிந்துரை தயக்கமில்லாதது. முதல் மூன்று மாதத்தை டெக்ரான் குளோன் செய்யச் செலவிடுங்கள். அந்த மூன்று மாதம் கையில் ஒரு முடிவும் இருக்காது, பக்கத்து மேசைக்காரர் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வில் வாரம் ஒரு படம் காட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் புரதத்தைத் திரும்பக் கொடுத்து, கெட்டது சரியாகிறதா என்று பார்க்காமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்றால், அமினோ அமிலம் மாறாமல் எழுத்து மட்டும் மாறிய மரபணுவைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்ததும் அழிந்துபோகும். கூடவே, வேலை செய்யாதபடி ஓர் அமினோ அமிலம் மாற்றிய வடிவத்தையும் கொடுத்துப் பாருங்கள். அதுவும் செல்லைச் சரிசெய்துவிட்டால் உங்கள் விளக்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பாக, எதையும் ஆர்டர் செய்வதற்கு முன்பாக, ஒருநாள் வேலை ஒன்று இருக்கிறது. சைக்ளோஹெக்சிமைடு புதிய புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து. அதைக் கொடுத்துவிட்டு 0, 2, 4, 8 மணி நேரத்தில் செல்களை எடுத்து ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். நான்கு மணியில் பட்டை பாதியாகத் தேய்ந்திருந்தால் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம், அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். எட்டு மணியிலும் பட்டை கொஞ்சமும் அசையாமல் இருந்தால் அன்று மாலையே டெக்ரானுக்கான வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை வடிவமைக்க உட்காருங்கள்.